ஷேடு அக்கா அழவில்லை

வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று கேட்டால் நம்மில் பலர் ஒன்று என்போம். கொஞ்சம் யோசித்துவிட்டு அழுக்கு வெள்ளை என்று இன்னொன்றைச் சேர்ப்போம். ஷேடு அக்கா பதினேழு சொல்லுவாள். துணிக்குச் சாயம் ஏற்றும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலில்கூட யாரோ பென்சிலால் 'ஷேடு அக்கா' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அவள் கண்ணைப் பற்றிச் சுற்றிய கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை மழை விட்டு வானவில் வந்தபோது, ஓரத்து ஊதா ஒரு பிடி குறைகிறது, திரும்பட்டும் என்றாளாம். வானவில்லும் பயந்துபோய்க் கலைந்துவிட்டதாம். கல்யாணமான புதிதில் கொடியில் காய்ந்த கணவர் சட்டைகளைப் பார்த்து, "இது மட்டும் வேற வீட்டு சோப்புல தோய்ச்சது" என்று சொல்லி, அவர் நண்பர்களோடு சீட்டாடப் போய்த் தங்கிய மூன்று நாளையும் கக்க வைத்தாளாம். வானவில் கதை பொய். சட்டைக் கதையை அவர் இன்றுவரை மறுக்கவில்லை.

அவள் வேலை ஷேடு பார்ப்பது, அதாவது சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டு வெட்டி, வாங்குகிறவர் அனுப்பிய மாதிரித் துண்டின் பக்கத்தில் வைத்து, வெளிச்சப் பெட்டிக்குள் மூன்று விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் "போகட்டும்." மயிரிழை மாறினால் "திரும்பட்டும்." இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் கீழே எட்டுப் பெரிய தொட்டிகள் காத்திருக்கும். அந்த அறையின் சுவர் சாம்பல் நிறம், மேசை சாம்பல் நிறம், அவள் போட்டிருக்கும் மேல்கோட்டும் சாம்பல் நிறம். வேறு நிறம் துணிமேல் பட்டுவிடக் கூடாதல்லவா? தலைக்கு நேர் மேலே ஏசியின் வாய் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அது அவள் நெற்றியில் ஊதிக்கொண்டிருந்தது, அவளும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கண் மக்கர் பண்ணத் தொடங்கியது.

முதலில் மாதவிலக்குதான் கணக்கு மறந்தது. இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. மூன்றாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டி படுக்கையோடு வந்து பத்து நாள் உட்கார்ந்துவிடும். பிறகு சும்மா இருக்கும்போதே காதோரம் தீப்பிடித்துக் கழுத்து வரை இறங்கியது. அதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கண்ணைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் இமையைத் திறந்தால் உள்ளே யாரோ மணலைக் கொட்டி மிதித்த மாதிரி உறுத்தும். மத்தியானத்துக்குள் எரியும். மூன்று மணிக்கு மேல் துணியின் ஓரம் மங்கிப் போகும். கண்ணை அகல விரித்து உற்றுப் பார்த்தால், அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர் கொட்டத் தொடங்கும்.

கொட்டுவதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"மேடம், வீட்டுல ஏதாவது பிரச்னையா?" என்று மேனேஜர் ஒருநாள் கதவருகே நின்று மெல்லக் கேட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். நல்லவர்தான், ஆனால் பெண்கள் அழுதால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்க்கிற ரகம்.

"பிரச்னை ஒண்ணும் இல்ல சார். கண்ணு காயுது."

"காயுதா? தண்ணியா ஊத்துதே!"

"அதான் சார் காயுது."

வெள்ளத்தில் நின்றுகொண்டு வறட்சி நிவாரணம் கேட்கிறவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். அன்றைக்கே வாயிற்காவலர் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டார். கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவதைத் தவிர வேறு பாவம் அறியாதவர். "அண்ணே, அக்காவை இப்படிக் கண்ணக் கசக்க வைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று காவலர் கேட்க, மனிதர் வெலவெலத்துப் போய் வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் விஷயம் அவருடைய அக்காவின் காதுக்கும் எட்டிவிட்டது. அந்த நாத்தனார் தம்பியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. அவ கண்ணுதான் தானா..."

"தானா ஊத்துறதுக்கு அது என்ன குழாயா?"

"அண்ணி, அவர் மேல தப்பில்ல, விடுங்க" என்று ஷேடு அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். கத்தும்போது பார்த்தா அந்தப் பாழாய்ப் போன கண்ணீர் மறுபடி வரவேண்டும்? வந்தது. நாத்தனார் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் அன்று சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அறுநூறு மீட்டர் சாம்பல் பச்சை திரும்பி வந்ததுதான் சிரிப்பை நிறுத்தியது. அவள் 'போகட்டும்' சொன்ன துணி. நிறம் மாறியிருக்கிறது என்று வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் அந்தத் துணியைக் காலை வெளிச்சத்தில் கண் தெளிவாக இருக்கும்போது எடுத்துப் பார்த்தாள். கண்ணில்லாதவன்கூடக் கண்டுபிடித்திருப்பான், அவ்வளவு மஞ்சள் தட்டியிருந்தது.

"அடுத்த மாசம் கடைசி வெள்ளி நம்ம வருஷக் கண் பரீட்சை" என்றார் மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டே. "இந்தத் தடவை கொஞ்சம் ஸ்ட்ரிக்டா பாக்கச் சொல்லியிருக்காங்க. தேறலைன்னா... பேக்கிங் பக்கம் ஒரு இடம் இருக்கு. நிழலான இடம்தான் மேடம்."

நிழலான இடம்! அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற இடம். அங்கே எல்லாமே ஒரே பழுப்பு. அப்போது மட்டும் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அன்றிலிருந்து ஆளாளுக்கு வைத்தியம். மருந்துக் கடைக்காரர் சிவப்பை வெளுக்கிற சொட்டு மருந்து கொடுத்தார். போட்டதும் கண் பளிச்சென்று வெளுக்கும். இரண்டு மணி நேரத்தில் முன்னைவிடச் சிவக்கும். அவள் ஒரு நாளைக்கு ஏழு தடவை போட்டாள். நாத்தனார் தம்பியை மன்னித்த கையோடு ஒரு டப்பா நிறைய வாசனைக் கிரீம் கொண்டுவந்தாள். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற வேலைன்னு சொல்லுவியே, நெசமாவே விட்டுப் பாரேன்" என்று ஒரு யோசனையும் சொன்னாள். விட்டாள். அன்று முழுக்க எல்லாத் துணியும் கண்ணாடித் தாளில் சுற்றிய மாதிரித் தெரிந்தது. வெள்ளரித் துண்டை வைத்தாள். கணவர் அதில் இரண்டைத் தெரியாமல் தின்றுவிட்டார். பக்கத்துத் தெரு கண்ணாடிக் கடை டாக்டர், "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்று ஒரு புதுக் கண்ணாடியை எழுதித் தந்தார். அவள் ஊசித் துவாரத்தைப் பத்தடியில் இருந்து பார்க்கிறவள். கண்ணாடியும் மாட்டினாள். இப்போது எரிகிற கண் கண்ணாடிக்குள் இருந்து எரிந்தது.

இந்த வயசு, இந்த வயசு! அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயசு என்றால் சொல்லி முடித்தாகிவிட்டது, நீ வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமா?

இதற்குள் இமையும் சேர்ந்துகொண்டது. மேலிமை சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஓணான் ஒன்று அவள் முகத்தை வாடகைக்கு எடுத்தது போல இருந்தது. சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் அரிக்கும்.

கடைசியில், சாயப் பொடி எடை போடும் பெண்தான் அவளை ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த எடைக்காரி அடுத்த அறையில் தராசோடு வாழ்கிறவள். ஷேடு அக்காவிடம் தைரியமாக வாய் கொடுக்கிற ஒரே ஆள். "என்னக்கா, பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம். ஓணான் மூஞ்சியோட போய் உக்காருவியா? எந்திரி."

அங்கே இருந்த பெண் டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. ஒரு காகிதத் துணுக்கால் கண்ணோரத்தில் எதையோ தொட்டு வைத்தார். கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்த ஷேடு அக்கா அரண்டுபோனாள்.

"என்ன டாக்டர் இது, கண்ணுக்குச் சாயம் போட்டிருக்கீங்க?"

"சாயம்தான். வறண்டு காயமான இடத்துல நல்லா ஏறிக்கும்."

"பச்சை கலந்த மஞ்சள். திட்டுத் திட்டா ஏறியிருக்கே. இதை நான் திருப்பி அனுப்பிடுவேன்."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "இப்ப சிமிட்டாம என்னைப் பாருங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு. அவ்வளவுதான், கண்ணீர்ப் படலம் உடைஞ்சிடுச்சு. பத்து செகண்டாவது நிக்கணும்மா."

"அப்ப ஏன் இந்தக் கொட்டு கொட்டுது?"

"கண்ணீர் மேல ஒரு மெல்லிசு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். இமை ஓரத்துச் சுரப்பிங்க அதைத் தரும். பீரியட்ஸ் நிக்கப் போற காலத்துல ஹார்மோன் மாறுறப்ப அது சரியா சுரக்காது. எண்ணெய் இல்லாட்டி தண்ணி உடனே காஞ்சிடும். கண்ணு காஞ்சதும் பதறிப் போய்த் தண்ணியா கொட்டும். அந்தத் தண்ணி நிக்காது, வழிஞ்சு போயிடும்."

ஒரு வருஷமாக எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொன்னாள், காய்கிறது காய்கிறது என்று! சொன்னது சரி என்று ஒருத்தர் சொல்ல ஒரு வருஷம் ஆயிற்றே என்ற கடுப்பில் அவளுக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதெல்லாம் கேட்க எளிது. சிவப்பை வெளுக்கும் மருந்து கூடாது. வாசனைக் கிரீம், மை, எண்ணெய் எல்லாம் குப்பைக்கு. கெடாமலிருக்க மருந்து கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாலு வேளை. வெதுவெதுப்பான ஈரத் துணியைக் காலையும் மாலையும் பத்து நிமிஷம் மூடிய கண்மேல் வைக்க வேண்டும். பிறகு இமையோரத்தை மெல்லத் துடைக்க வேண்டும். ஏசி முகத்தில் அடிக்கக் கூடாது. உற்றுப் பார்க்கும்போது முழுசாகக் கண்ணை மூடிச் சிமிட்ட வேண்டும். "நீங்க சிமிட்டுறதே இல்ல. வந்ததுலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், கண்கொத்திப் பாம்பு மாதிரி உக்காந்திருக்கீங்க." இமைக்கு ஒரு சின்னக் களிம்பு. "அஞ்சே நாள். ஆறாம் நாளும் தடவினா என்கிட்ட வராதீங்க. அப்புறம் வெறும் வாஸ்லைன் போதும்."

இரண்டு வாரத்தில் உறுத்தல் பாதி குறைந்தது. மூன்று மணிக்கே மங்கிய கண் நாலரை வரை தாங்கியது. ஆனால் இமை? ஞாயிற்றுக்கிழமை ராஜா மாதிரி இருக்கும். செவ்வாய் சிவக்கும். வியாழன் உரியும். ஞாயிறு மறுபடி ராஜா. அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாயிற்று. சோப்பை மாற்றியாயிற்று. தலையணை உறையை மாற்றியாயிற்று. பழியைப் போட ஆள் கிடைக்காமல் கணவர் முகச் சவரத்துக்குப் போடும் நுரையைக்கூட ஜன்னல் வழியாக எறிந்தாள். அவர் ஒரு வாரம் தாடியோடு வண்டிகளின் தாமதத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது மறுபடி டாக்டரிடம் போனாள். "நீங்க சொன்ன எல்லாத்தையும் பண்ணேன் டாக்டர். தலைகீழா நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன், இந்த இமை மட்டும்..." என்று சொல்லும்போதே கண்ணில் நீர் கோத்தது. கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்து ஒற்றிக்கொண்டாள்.

"அது என்ன துணி?" என்றார் டாக்டர்.

துணியைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் ஷேடு அக்காவுக்குத் தனி உற்சாகம்தான். "நம்ம ஃபேக்டரித் துண்டுதான். மாதிரி வெட்டினது போக மிச்சம் நிறைய விழும். எங்க பக்கத்துல எல்லாரும் இதைத்தான் வெச்சுக்குவோம். கண்ணாடி துடைக்க, டீ கிளாஸ் பிடிக்க, மூஞ்சி துடைக்க, எல்லாத்துக்கும். தொட்டுப் பாருங்க, எவ்வளவு மெத்துன்னு இருக்கு! சாயம் கிடையாது, வெறும் வெள்ளை. இது கசங்காத ரகம். நூறு தடவை தோய்ச்சாலும் சுருக்கம் விழாது. அதுக்குன்னு கடைசியில ஒரு கெமிக்கல்ல முக்கி, நல்லாச் சூடு காட்டி..."

அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

சாயம் பட்டுவிடக் கூடாது என்று பத்தொன்பது வருஷமாக வெள்ளையாகத் தேடித் தேடி எடுத்து, கெமிக்கலில் முக்கிய பிறகு ஒரு தடவைகூடத் தோய்க்காத துணியால், கண்ணீர் கொட்டிய ஒவ்வொரு முறையும், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, உடம்பிலேயே மெல்லிய தோலை அவள் தேய்த்திருக்கிறாள். முன்பெல்லாம் தாங்கிய தோல், வறண்ட பிறகு தாங்கவில்லை. ஞாயிறு லீவில் துண்டு கைப்பையிலேயே கிடந்ததால்தான் இமை தேறியது. பதினேழு வெள்ளையைப் பிரித்தவள் கையில் இருந்த ஒரு வெள்ளையைப் பார்க்கவில்லை. டாக்டர்மேல் கோபப்பட முடியாது; துணிமேல் கோபப்பட முடியாது. வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

"அய்யய்யோ, நான் அதுலதானேக்கா மூக்கு சிந்துறேன்!" என்று எடைக்காரி அலறிப் போய் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அன்றோடு அந்த இரண்டு அறைகளிலும் துண்டுக் குவியலைத் தொட ஆளில்லை. ஷேடு அக்கா பத்து வருஷம் தோய்த்து நைந்த ஒரு பழைய பருத்திக் கைக்குட்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். ஆறு நாளில் இமை அடங்கியது. சிவப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் ஓணான் காலி செய்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பரீட்சை என்றால், நாலு மரத் தட்டு. ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேற்பட்ட வட்ட வில்லைகள். கலைத்துப் போட்டிருப்பார்கள். ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குப் படிப்படியாக வரிசைப்படுத்த வேண்டும். தட்டுக்கு இரண்டு நிமிஷம். மேனேஜர் கையில் கடிகாரம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு ஆண்கள் சுவரோரம்.

"சார், மொதல்ல அந்த ஏசி வாயை மூடுங்க" என்றாள் ஷேடு அக்கா. "தட்டுக்குத் தட்டு அஞ்சு நிமிஷம் நான் கண்ண மூடி உக்காரணும்."

"எல்லாருக்கும் ஒரே ரூல் மேடம். இதுக்குன்னு தனியா..."

"எதுக்குன்னு?"

"இல்ல... உங்க பர்சனல்..."

"பர்சனல் என்ன சார்? எனக்கு மாதவிலக்கு நிக்கிற காலம். அதனால கண்ணு வறண்டு போகுது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க. இந்தாங்க, படிங்க."

தலைமை அலுவலகத்தார் இருவரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். மேனேஜர் வழக்கமான கூரையைப் பார்த்தார். எடைக்காரி கதவுக்கு வெளியே களுக்கென்று சிரித்தது எல்லாருக்கும் கேட்டது. ஏசி வாயை ஒருவர் எழுந்து தானாகவே மூடினார். இடைவேளை மட்டும் கிடையாது, விதியில் இல்லை என்றார்கள்.

முதல் தட்டு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், பச்சையும் நீலமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், வில்லைகளின் ஓரம் கரைந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பாக இருந்தால் இன்னும் அகல விழித்து முறைத்திருப்பாள். இப்போது கையை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை இறுக்காமல் மூடினாள். சுவரோரத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார். கடிகாரம் ஓடுகிறது. இருபது விநாடியை அவள் வேண்டுமென்றே தூக்கிக் கொடுத்தாள். திறந்தபோது நீலம் நீலமாகவும் பச்சை பச்சையாகவும் தனித்தனியே நின்றன. கை பறந்தது. கடைசி வில்லை விழவும் மேனேஜர் "டைம்" என்று சொல்லவும் சரியாக இருந்தது.

நாலாம் தட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு தடவை மூட வேண்டியிருந்தது. ஊதாவில் இரண்டு ஜோடி இடம் மாறிவிட்டன. அவளுக்கே தெரிந்தது, திருத்தக் கை நீட்டும்போது நேரம் முடிந்துவிட்டது.

தலைமை அலுவலகத்தார் கூட்டிப் பார்த்தார்கள். தேறியாயிற்று. தாராளமாகவே தேறியாயிற்று. ஆனால் மேனேஜர் பதிவேட்டைத் திறந்து, "போன வருஷம் ஒரு தப்புகூட இல்ல. அதனால ஆறு மாசத்துல மறுபடி ஒரு டெஸ்ட்னு எழுதிடறேன் மேடம்" என்றார்.

"எனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தவர் அஞ்சு ஜோடி மாத்தி வெச்சாரே சார். அவருக்கு எத்தனை டெஸ்ட் வெச்சீங்க?"

"அது... அப்ப நான் இங்க இல்ல மேடம்."

"சரி, எழுதுங்க. டெஸ்ட் வெப்பீங்க, நானும் வந்து உக்காருவேன். ஆனா அதுக்குக் கீழயே இன்னொண்ணும் எழுதணும். ஏசி காத்து நாற்காலி மேல படக்கூடாது. காலைல ஒரு பத்து நிமிஷம், மத்தியானம் ஒரு பத்து நிமிஷம், ஷேடு பாக்கிறவங்க கண்ணுக்கு ஒத்தடம் வெச்சுக்க நேரம் கொடுக்கணும்."

மேனேஜர் தலைமை அலுவலகத்தாரைப் பார்த்தார். அவர்களுக்கு அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அவர் எழுதினார். ஷேடு அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். காரணம் என்ற கட்டத்தில், 'சொந்தக் காரணம்' என்று இருந்தது.

"இதை அடிங்க."

"மேடம், எதுக்கு வெளிப்படையா..."

"எனக்கு அப்புறம் இந்த நாற்காலிக்கு வர்றவளும் பொம்பளையா இருந்தா, அவளும் ஒரு வருஷம் எல்லார்கிட்டயும் காயுது காயுதுன்னு சொல்லிட்டுத் திரியணுமா? அடிச்சுட்டு எழுதுங்க. மாதவிலக்கு நிற்கும் காலத்துக் கண் வறட்சி."

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். காது மடல் சிவந்துவிட்டது. என்ன சிவப்பு என்று அவளுக்குச் சொல்ல முடியும், சொல்லவில்லை. கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கோடு இழுத்து, அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும் வரை, அவசரப்படாமல், முழுசாக இமையை மூடி மூடித் திறந்துகொண்டு அவள் அங்கேயே நின்றாள்.